கடலைச் சட்டியை அளந்தவர்

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் இருந்தோம். ஈயம் எடுத்து மூடிப்போன லம்பத்தில், அந்தச் சுரங்கக் குழியில், கிடந்த கறுப்பு மணலில்தான் நான் கடலை வறுப்பேன். சூடு நன்றாக நிற்கும். கோயிலில் பூஜை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன்.

அந்த மணலில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண் விஞ்ஞானி வந்தார். ஒல்லியான உடம்பு, காலில் ஆண்கள் போடும் சப்பாத்து. இந்த வேலைக்கு வந்த முதல் பெண் இவர்தான் என்றார் அவரை ஏற்றி வந்த வேன் ஓட்டுநர். கதிர்வீச்சை அளக்கும் பெட்டியைத் திறக்குமுன் எங்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் கிட்டே போய்க் குனிவார்.

என் சட்டிக்கு மேலே பிடித்தபோது பெட்டி விடாமல் டிக் டிக் என்றது.

“புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, டாக்டர்?”

“தெரியலைக்கா. மணலைத்தான் என்னால அளக்க முடியும். இனிமே இதுல வறுக்காதீங்க.”

“ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க லா.”

“தெரியாததை எப்படிக்கா சொல்றது?”

“நீங்க தினமும் இதுகூடவே நிக்கிறீங்களே. உங்களுக்கு?”

“அதுவும் தெரியாது,” என்று சிரித்தார்.

மறுவாரம் ஒரு பை ஆற்று மணலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதன்மேல் பெட்டி எப்போதாவது ஒரு முறைதான் டிக் என்றது. முதல் வறுப்பில் ஒரு கைப்பிடி தின்றுவிட்டுப் போனார்.

பிள்ளைகளுக்கு இதுவரை எங்கள் கோயில் தாயார் குறை வைக்கவில்லை. அந்த விஞ்ஞானியைப் பற்றித்தான் ஒன்றும் தெரியவில்லை. பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். விளக்கேற்றும்போது, ‘மணல் அளக்க வந்த பிள்ளையையும் பார்த்துக்கொள் தாயே’ என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.