தையல்கார அக்கா வெட்டிய கார்னிஸ்

இருபத்திரண்டு வருடம் வாடகை வீடுகளில் காலம் தள்ளிவிட்டு, தையல்கார அக்கா சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். இரண்டே அறை. தையல் மிஷினை எந்த ஜன்னலோரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பிலேயே அவருக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

முன்னறைச் சுவர்களைப் புதிதாகப் பூசிக்கொடுத்த கொத்தனார், கிளம்பும்போது கறாராகச் சொன்னார்: “ஒரு மாசம் தொடாதீங்க. ஈரம் போயி சுவர் முழுக்க வெளுத்தப்புறம் பெயின்ட் அடிங்க. முதல் கோட் அடிக்கும்போது தண்ணி நல்லா கலக்கணும், அப்பதான் சுவர் குடிக்கும்.”

அக்காவின் கணவர் பேருந்து நடத்துனர். காத்திருப்பது அவருக்கு ஆகாது. பத்தாம் நாள், மனைவி நூல் வாங்கப் போன நேரம் பார்த்து, ஒரு சுவர் முழுக்க மஞ்சள் அடித்துவிட்டார். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கலக்கவில்லை. மூன்றே நாளில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, இழுத்தால் துணிபோல உரிந்து வந்தது.

“அளவெடுக்காம வெட்டுற ஆளுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கேன்” என்றார் அக்கா. கணவர் சுரண்டும் தகட்டைக் கையில் எடுத்தார். இருவரும் உட்கார்ந்து சுரண்டினார்கள். பாதிச் சுவர் சுரண்டியதும், அவர் மீசையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்து அக்காவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

மாதம் முடிந்து சுவர் வெளுத்தது. தண்ணீர் கலந்த முதல் பூச்சை மடக் மடக்கென்று குடித்தது. கார்னிஸ் என்னும் அலங்காரப் பட்டை ஒட்டுவதற்காக, சுவர் கூரையைத் தொடும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தார்கள்.

மூலையில் இரண்டு பட்டைகள் சாய்வாகச் சந்திக்க வேண்டும். கணவர் இரண்டை அறுத்து, மேஜைமேல் ஏறி வைத்துப் பார்த்தார். சேரவில்லை; இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

“ரெண்டுமே இடது கை. இந்தச் சட்டையை யாருங்க போடுவா?” என்றார் அக்கா. ரம்பத்தை வாங்கிக்கொண்டார். பழைய செய்தித்தாளை மூலையில் வைத்து மடித்து, சாக்பீஸால் கோடிழுத்து, வலது, இடது என்று எழுதி வெட்டினார். அந்தத் தாளை வைத்தே பட்டையை அறுத்தார். இரண்டு முனையும் காலர்போல அமர்ந்தன.

பசை பிடிக்கும்வரை இருவரும் ஆளுக்கொரு முனையைத் தாங்கி நின்றபோது, அக்காவின் நாத்தனார் உள்ளே வந்தாள்.

“என்ன அண்ணி, ரெண்டு பேரும் கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க? திருடன் வந்துட்டானா?”

“பேசாம நடுவுல வந்து பிடி.”

நாத்தனார் பையை வைத்துவிட்டு நாற்காலியில் ஏறினாள். சிரித்தால் பட்டை ஆடும் என்று அக்கா அதட்ட அதட்ட, மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எப்படியோ ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் கொத்தனார் வந்து, மூலையை விரலால் தடவிப் பார்த்தார். “இதை யாரு வெட்டுனது?”

“நான்தான்.”

“ஒரு வீட்டுல பதினாறு மூலை கிடக்குக்கா. வர்றீங்களா?”

“ஞாயித்துக்கிழமைன்னா வர்றேன்.”

இப்போது ஞாயிறுதோறும் அவருக்கு எங்காவது ஒரு மூலை காத்திருக்கிறது. நடத்துனர் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார். மனைவியின் சாமர்த்தியத்தை வழிநெடுகச் சொல்லிக்கொண்டே.