வக்கீல் நன்றி சொன்ன நாள்

அந்த வார்டில் அவளுக்குப் பெயர் சிசிடிவி. வைத்தது நோயாளிகள், வழிமொழிந்தது அவள் வீட்டுக்காரர். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நோட்டம் விடுவாள். சொந்தக்காரர்கள் அவளுக்குப் பக்கத்து நாற்காலியைக் காலியாக விடப் பழகிவிட்டார்கள்.

பதினெட்டு வருடமாக அவள் நர்ஸ் வேலை பார்ப்பது, சாப்பாட்டைக் கண்டால் நடுங்குகிற, சாப்பிட்டதற்காகத் தன்னையே தண்டித்துக்கொள்கிற பெண்களின் வார்டில். சிலருக்கு ஆளுமைக் கோளாறும் கூடவே இருக்கும். காலையில் நீங்கள் தெய்வம். மதியம் நீங்களே துரோகி. இடையில் நீங்கள் செய்ததெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தது மட்டும். புதிதாக வரும் நர்ஸுகள் முகம் சுளித்தால் சிசிடிவி ஒன்றே ஒன்று சொல்வாள்: அது திமிர் இல்லை, நாம் விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்கிற பயம்.

அங்கே நர்ஸின் கருவி ஊசி இல்லை, நாற்காலி. நோயாளியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து தானும் சாப்பிட வேண்டும். முடிந்தபின் ஒரு மணி நேரம் கூடவே இருந்து ஊர்க்கதை பேச வேண்டும். இந்தக் கணக்கில் அவள் தினமும் இரண்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டாள். யாரும் அதை ஓவர்டைம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

ஏழாம் கட்டில் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. பட்டப்பெயர் வக்கீல். ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எதிர்த்து அரை மணி நேரம் வாதாடுவாள், வாய்தா கேட்பாள், தோற்றால் நீதிபதியைத் திட்டுவாள். நீதிபதி எப்போதும் சிசிடிவிதான். சீல் வைத்த கவர் மாதிரி மூஞ்சி என்பாள். உன் செருப்புச் சத்தம் கேட்டாலே பசி செத்துப்போகிறது என்பாள். மூன்று மாதத்தில் திட்டு வாங்காமல் ஒரு வேளை போனதில்லை. சிசிடிவிக்கு அது நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. திட்டு வருகிறதா, உள்ளே ஆள் இருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வக்கீல் வாதாடவில்லை. தட்டு சுத்தமாகக் காலி. கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"தேங்க்ஸ் சிஸ்டர். உங்களை ரொம்பப் படுத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

மேஜையே கைதட்டியது. டாக்டர் வந்து தட்டைப் பார்த்தார், பெற்ற மகள் பரீட்சையில் தேறியது போல மலர்ந்தார். இரண்டு நாள் வீட்டுக்குப் போய் வரட்டும் என்றார். நாலு மணிக்கு அண்ணன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

சிசிடிவி மட்டும் கைதட்டவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் இன்னொருத்தி இப்படித்தான் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். அவள் பையை வாங்கி, சிரித்துப் பேசிக்கொண்டே கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது சிசிடிவிதான். அந்தப் பெண் திரும்பி வரவில்லை. எங்கேயும் வரவில்லை.

மூன்று மணிக்கு, வார்டு பெருக்கும் ஆயா ஓரமாகக் கூப்பிட்டு மடியிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள். வக்கீல் கொடுத்ததாம். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லையாம். "இனிமே எனக்கு எதுக்கு ஆயான்னு சொல்லிச்சு, சிஸ்டர். புதுசு வாங்கித் தரப் போறாங்க போல."

சிசிடிவி கடிகாரத்தோடு நேராக டாக்டர் அறைக்குப் போனாள். அவர் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பிடலன்னாலும் பயப்படுறீங்க, சாப்பிட்டாலும் பயப்படுறீங்க. அப்ப நான் எதைத்தான் முன்னேற்றம்னு எழுதுறது?" நியாயமான கேள்விதான். வக்கீலிடமே பேசிவிட்டு நாலு மணிக்குள் வந்து சொல்லச் சொன்னார். அதுவரை விடுப்புத் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்றார்.

ஏழாம் கட்டிலில் போர்வை விளிம்பு பிசகாமல் மடித்திருந்தது. பை தயார். இப்படிப்பட்ட இடத்தில் சுற்றிவளைக்கக் கூடாது என்பது சிசிடிவி பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். கேட்பதால் யாருக்கும் புதிதாக எண்ணம் வந்துவிடுவதில்லை.

"வீட்டுக்குப் போய் செத்துப்போகலாம்னு யோசிச்சு வச்சிருக்கியாம்மா?"

வக்கீல் சிரித்தாள். "என்ன சிஸ்டர், நல்லா இருக்கேன்னு நீங்களே பாத்தீங்கல்ல."

"அதான் பயமா இருக்கு. மூணு மாசமா என்னைத் திட்டாம நீ ஒரு வாய் சாப்பிட்டதில்ல."

வார்த்தை வெளியே வந்த நொடியில் தன் தவறு அவளுக்கு உறைத்தது. கேள்வித்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று.

வக்கீல் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு திட்டத் தொடங்கினாள். சீல் வைத்த கவர் வந்தது, செருப்புச் சத்தம் வந்தது, எந்த இடத்தில் குரல் ஏற வேண்டுமோ அந்த இடத்தில் ஏறியது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. வராந்தாவில் ஆயா நெஞ்சில் கைவைத்து நிம்மதியாகச் சிரித்தாள். டாக்டர் தலையை நீட்டி, பழைய ஆள் வந்துவிட்டாளே, அப்புறம் என்ன என்று கேட்டார்.

ஆனால் வக்கீல் நிஜமாகத் திட்டும்போது விரல்கள் சட்டைக் கையைப் பிய்க்கும், கழுத்து நரம்பு புடைக்கும். இப்போது இரண்டு கைகளும் மடியில், ஒன்றன் மேல் ஒன்றாக, தூங்குகிற மாதிரி கிடந்தன. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. முடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"போதுமா சிஸ்டர்? இப்ப அனுப்புவீங்களா?"

டாக்டருக்கும் அது கேட்டது. சிசிடிவி திரும்பாமலே, அனுப்பாதீங்க சார் என்றாள். அவர் விடுப்புத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு நிமிடம்கூட ஆள் இல்லாமல் விடக்கூடாது என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்.

அண்ணன் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டான், கையில் இரண்டு ஹெல்மெட்டோடு. அம்மா போன் வந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நல்லா இருக்கிறவளை இப்படிப் பூட்டிவைப்பது என்ன நியாயம் என்று கத்தினான். சிசிடிவி கடிகார விஷயத்தைச் சொன்னதும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தங்கைக்குக் கொண்டுவந்த ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

அரை உருளைக்கிழங்குக்கு அப்பீல் போகிற வக்கீல், இதை எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு, அன்றைக்கு இரண்டாவது தடவையாக, கனிவோடு பேசினாள்:

"உங்க டியூட்டி நாலு மணியோட முடியுதுல்ல சிஸ்டர்? கிளம்புங்க. பாவம், வீட்ல தேடுவாங்க."

சிசிடிவி வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்றாள். எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். நாற்காலியை இழுத்துக் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போட்டாள். உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.