உப்பில்லாச் சித்திரை

1. குடிகாரப் பட்டம்

ஏகாம்பரத்தை சைக்கிள் ரிக்‌ஷாவில் சாய்த்துக் கொண்டுவந்து இறக்கினபோது, கிளினிக்கில் காத்திருந்த கூட்டம் மொத்தமும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. கால் தள்ளாடியது. நாக்கு குழறியது. வேட்டியெல்லாம் வாந்தி. ஊரில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்திருந்த காலம் அது. உச்சி வெயிலில் ஒரு மனிதன் அப்படி வந்தால் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"காலைலயே ஏத்திக்கினாரு போல சிஸ்டர்" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"வாய மூடுய்யா. அந்த மனுசன் வெத்தலகூட போடமாட்டாரு" என்று அவரை ஒரே போடாகப் போட்டாள் கூட வந்த பட்டம்மாள். ஏகாம்பரத்தின் மனைவி. மற்ற நேரத்தில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பவள்.

எனக்குக் குடி என்று தோன்றவில்லை. ஏகாம்பரத்தை நான் அதற்கு முன் ஒரு வருஷமாகப் பார்த்துவந்தேன். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அந்த கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்த்த காலம் அது. அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் உதறியது. டாக்டர் ஒரு பார்வை பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"லித்தியம் மாத்திரை ரத்தத்துல ஏறிப்போச்சு. டிரிப் போடு மேரி. ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பு. சாயங்காலத்துக்குள்ள தெளியலன்னா ஆளையும் அனுப்பணும், காரை ரெடியா வைக்கச் சொல்லு" என்றார்.

2. பந்தல் போட்ட கதை

அந்த மாத்திரை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஏகாம்பரம் நல்ல நெசவாளி. அவருக்கு மனசு ஏறும், இறங்கும். ஏறினால் தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது, பேச்சு மட்டும் உண்டு. ஒருமுறை, கருட சேவைக்குத் தெரு முழுக்கப் பட்டிலேயே பந்தல் போடப்போவதாகச் சொல்லி, தறிக்கு வந்திருந்த பட்டுநூல் பாவு அத்தனையையும் எடுத்து வீட்டு வாசலில் கட்டிவிட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் கை தட்டிச் சிரித்தார்கள். பட்டம்மாள் அழுதுகொண்டே ஒவ்வொரு இழையாகச் சிக்கெடுத்தாள். அதைக் கேட்டபோது எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

இறங்கினால் சிரிக்க ஒன்றும் இல்லை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார், ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தொடமாட்டார். ஒருநாள் விடியற்காலையில் அவரைக் கிணற்றடியிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்தாள் பட்டம்மாள். அங்கே எதற்குப் போனார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாளே எங்கள் கிளினிக்குக்கு வந்துவிட்டார்கள்.

எங்கள் டாக்டர் மெட்ராஸ் பெரிய டாக்டரிடம் அனுப்பி, அவர் எழுதிக்கொடுத்ததுதான் லித்தியம். அப்போது அது புது மருந்து. கொஞ்ச நாளில் மனிதர் சமநிலைக்கு வந்துவிட்டார். கை மட்டும் லேசாக நடுங்கும். "இழை அறுந்தா முடிச்சு போட வரமாட்டேங்குது சிஸ்டர்" என்பார். "நான் முடிஞ்சு குடுக்கறேன்ல, அப்புறம் இன்னாவாம்?" என்பாள் பட்டம்மாள். அந்த ஏற்பாட்டில் ஒரு வருஷம் தறி ஓடியது.

3. வேண்டாமென்ற இட்லி

டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ஏகாம்பரத்தின் அண்ணன் வந்து குதிக்க ஆரம்பித்தார்.

"நல்லா இருந்தவனுக்கு விஷத்த குடுத்துட்டீங்களே. பட்டம்மா, வூட்டுக்குப் போனதும் மொத வேலையா அந்த மாத்திரைய வாரி சாக்கடைல போடு. இனிமே ஒரு மாத்திரை அவன் வாயில போவக் கூடாது."

டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மாத்திரைய நிறுத்தினா மறுபடி கிணத்தடிதான். நீ போய்க் காவல் நிப்பியா?" என்று கத்தினார். பிறகு பட்டம்மாளைப் பார்த்து, "கூட ரெண்டு குடுத்துட்டியாம்மா?" என்றார்.

"சத்தியமா இல்ல டாக்டர். நீங்க சொன்ன கணக்குதான். கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. பிறகு எப்படி ஏறியது என்று டாக்டருக்கும் பிடிபடவில்லை. வெயில், வேர்வை, அதனால் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தெருவில் எல்லாருக்கும்தானே வேர்க்கிறது.

மதியம் தாண்டியும் பட்டம்மாள் பச்சைத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்க்கடையில் இட்லி வாங்கிவந்து கையில் வைத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் சிஸ்டர். உப்பு போட்டிருப்பாங்க."

"ஏன், உனக்கு பிரஷரா?"

"அதெல்லாம் இல்ல. வேண்டுதல். வருசா வருசம் சித்திரை ஒண்ணுலேர்ந்து பௌர்ணமி வரைக்கும் உப்பில்லாம துன்னுட்டு, சித்திரகுப்தர் கோயிலுக்கு வந்து முடிக்கறதா வேண்டிக்கினேன். இவரு மறுபடி தறியில உக்காந்தா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்கறோம்னு. அதான் ரெண்டு பேருக்கும் தனியா ஆக்கறேன்."

எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கறி மீன் விடுவோம். உப்பை விடுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஏதோ சுருக்கென்றது. அப்படியே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

4. தலைகீழ்ப் பத்தியம்

எங்கள் டாக்டருக்குப் பத்தியம் என்ற சொல்லே ஆகாது. மருந்து வாங்குகிறவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்பார்கள், "இதுக்குப் பத்தியம் உண்டா டாக்டர்?" என்று. "ஒண்ணும் கிடையாது, எப்பவும் துன்றத துன்னு" என்று எரிந்து விழுவார். ஏகாம்பரத்திடமும் அதையேதான் சொல்லியிருந்தார். எப்போதும் தின்பதை இந்த ஊரில் வேண்டிக்கொண்டவர்கள் சித்திரை மாதத்தில் தின்னமாட்டார்கள் என்பது டாக்டருக்கும் தோன்றவில்லை, ஏகாம்பரத்துக்கும் தோன்றவில்லை.

இப்போது அவர் பட்டம்மாள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் குரல் இறங்கி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"இதோ பாரும்மா. இந்த மாத்திரையும் ஒரு மாதிரி உப்புதான். சாப்பாட்டுல உப்பு கொறஞ்சா உடம்பு இந்த மாத்திரைய வெளிய விடாம புடிச்சு வெச்சுக்கும். வேர்வைல வேற உப்பு போவுது. மாத்திரை ஏறி ஏறி விஷமாயிடுது. அளவு தப்பல, நீயும் தப்பு பண்ணல. பத்தியம் இருக்குதான்னு கேப்பீங்கல்ல, இதுக்கு இருக்குது. உப்ப விடக் கூடாது. அதான் பத்தியம்."

அண்ணன் விடவில்லை. "சாமி காரியத்துல கைவெச்சா குடும்பம் வெளங்குமா?" என்றார். பட்டம்மாளுக்கு அதுதான் பயம். வேண்டுதலை முறித்தால் வியாதி திரும்பிவிடும். முறிக்காவிட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டும், அப்போதும் வியாதி திரும்பிவிடும். டிரிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், அவரு பங்கையும் சேத்து நானே இருந்துட்டா சாமி ஒத்துக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற என்னிடம் சித்திரகுப்தர் சார்பில் தீர்ப்பு கேட்கிறாள். டாக்டர்தான் காப்பாற்றினார். "கணக்கு எழுதற சாமிம்மா அது. யார் பங்க யாரு இருந்தாங்கன்னு அவருக்குத் தெரியாதா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஏகாம்பரம் சாயங்காலம் கண்ணைத் திறந்து, பட்டம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கார் தேவைப்படவில்லை. ரத்தத்தில் மருந்து ஏறியிருந்ததை மெட்ராஸ் ரிப்போர்ட்டும் சொன்னது. சில நாள் நிறுத்திவைத்து, அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தோம்.

5. நான் கேட்கும் கேள்வி

இப்போது படித்துவிட்டு வரும் நர்ஸ் பெண்கள் என்னைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரிகள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மனசுக்கு மருந்து சாப்பிடுகிறவரை முழுங்கினாயா என்று மட்டும் கேட்டு அனுப்பாதீர்கள். வீட்டில் என்ன ஆக்குகிறார்கள், என்ன வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அன்பினால் செய்வதைத் தப்பென்று யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள்.

நான் அதை முதன்முதலில் கேட்டது அடுத்த சித்திரையில், அதே ஏகாம்பரத்திடம். இருவரும் செக்கப்புக்கு வந்திருந்தார்கள். பட்டம்மாள் அந்த வருஷமும் உப்பை விட்டிருந்தாள், முகம் வாடியிருந்தது.

"நீங்க ஒழுங்கா உப்பு போட்டுச் சாப்பிடறீங்களா?" என்றேன் அவரிடம்.

"பக்கத்துல உக்காந்து ஊறுகாயோட துன்றேன் சிஸ்டர். அவ வெறும் சோறு துன்றா. மொதல்ல தொண்டைல எறங்கல." பட்டம்மாளைப் பார்த்தார். "அவ எனக்காக உப்ப விட்டுட்டா. நான் அவளுக்காக உப்பு துன்னுக்கினு இருக்கேன்."

டாக்டர் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னார். நான் அவர்கள் இருவரையும் வாசல்வரைக்கும் கொண்டுவிட்டு வந்துதான் கூப்பிட்டேன்.