நான் கீழே போகவில்லை

போன செவ்வாய்க்கிழமை புதூர்நாட்டில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர், பின்னால் ஏழெட்டுப் பேர். வழக்கம்போல மெஷினில் ரேகை விழவில்லை என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று வரிசையில் இருந்த அத்தனை செல்போனும் ஒரே நேரத்தில் அலறின. பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனைச் செய்தி. 'இது சோதனை மட்டுமே, பயப்பட வேண்டாம்' என்று திரையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

நான் அதைப் படிக்கவில்லை. கையிலிருந்த பையைப் போட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கும் சரிவில் ஏற ஆரம்பித்துவிட்டேன். புளியமரம் வரைக்கும் போன பிறகுதான் நின்றேன்.

கீழே ஒரே சிரிப்பு. வரிசையில் இருந்த ஒரு பெண் சத்தமாகக் கேட்டாள். "இன்னா கா, மலை மேல உக்காந்துக்கினு எந்தத் தண்ணிக்குப் பயந்து ஓடுற?"

நியாயமான கேள்விதானே? ஜவ்வாது மலைக்கும் கடலுக்கும் நடுவில் நாலைந்து மாவட்டம் இருக்கிறது. நானும் சிரித்தேன். ஆனால் மரத்தடியை விட்டு இறங்கி வர அரை மணி நேரம் ஆனது.

எந்தத் தண்ணி என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். கூடவே, ஏழு வருஷமாக வெளியே சொல்லாத ஒன்றையும்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை ராணுவத்தில் இருந்தவர் என்பது வாராவாரம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அவருடைய கடைசி போஸ்டிங், அந்தமானுக்கும் தெற்கே ஒரு சின்னத் தீவு. பெயர் வேண்டாம். கப்பலிலிருந்து சாமான் இறக்கி ஸ்டோருக்கு அனுப்பும் பிரிவில் அவருக்கு வேலை. "ஃபேமிலி குவார்ட்டர்ஸ் குடுக்குறாங்க, நீயும் வா" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம்கூடத் தேறாது. உடனே சரி என்றேன்.

அதுவரைக்கும் நான் கடலைப் பார்த்ததே இல்லை.

எங்கள் மலையில் தண்ணீர் மேலேயிருந்து வரும். ஓடையாக வரும், மழையாக வரும். வந்த வேகத்தில் கீழே போய்விடும். நாம் உட்கார்ந்திருக்கும் உயரத்திலேயே, பக்கத்தில், அசைந்துகொண்டே இருக்கும் தண்ணீரை எப்படி நம்புவது? கப்பலில் இரண்டு முழு நாள். நான் டெக் பக்கமே போகவில்லை. அடுக்குக் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடியே வந்து சேர்ந்தேன்.

தீவு அழகுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். தென்னை, பச்சை, கண்ணாடி மாதிரி தண்ணீர். ஆனால் கரையில் ஒரு போர்டு – முதலை இருக்கிறது, இறங்காதீர்கள். குவார்ட்டர்ஸ் கதவுக்குப் பின்னால் இன்னொரு காகிதம் – சைரன் மூன்று முறை நீளமாக அடித்தால் உடனே மேலே, குன்று உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகவும். அதற்குக் கீழே ஆணியில் ஒரு பை. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், டார்ச், அடையாள அட்டை நகல்.

"இது இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"சும்மா. எல்லா வூட்லயும் மாட்டியிருப்பாங்க" என்றார் அவர், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே.

சும்மா மாட்டி வைக்கும் பையில் அடையாள அட்டை எதற்கு? நான் கேட்கவில்லை. அவரும் நிமிரவில்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அடியில் ஜெட்டி, அதாவது கப்பல் வந்து நிற்கும் மேடை. அங்கேதான் அவருக்கு டியூட்டி. பாதி உயரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ். உச்சியில் தொட்டி. ஜெட்டியிலிருந்து உச்சிக்கு இரண்டு வழி. ஒன்று எங்கள் வீட்டு வாசல் வழியாகவே போகும் சிமென்ட் படிகள். இன்னொன்று காட்டுக்குள் செங்குத்தாக ஏறும் குறுக்குப் பாதை. அது வீட்டுப் பக்கம் வராது.

முதல் வாரத்திலேயே தரை ஆடியது. லேசாகத்தான். அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் கிலுகிலுவென்றது. பக்கத்து வீட்டு பர்வீன் எட்டிப் பார்த்து, "பயந்துக்காத கா. வாரத்துக்கு ரெண்டு வாட்டி இப்டிதான்" என்றாள்.

பர்வீன் வாணியம்பாடிப் பெண். எங்கள் மலையிலிருந்து இறங்கினால் அவள் ஊர். அங்கே இருந்திருந்தால் வாழ்நாளில் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம். இங்கே அவள்தான் எனக்கு எல்லாம். ஆறு மாத கர்ப்பம். புருஷன் ஏதோ பயிற்சிக்காகச் சென்னைக்குப் போயிருந்தான்.

அவள் பயப்படாதே என்றாள். நான் பயந்தேன். அன்றிலிருந்து காதெல்லாம் பாத்திரத்தின் மேலேயே. தட்டுகளை எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டேன். ஒரு டம்ளரை மட்டும் கயிறு கட்டி ஜன்னலில் தொங்கவிட்டு, உள்ளே ஒரு ஸ்பூனையும் கட்டினேன். தரை ஆடினால் எனக்கு முதலில் தெரிய வேண்டும். காற்றடித்தாலும் அது அடித்தது... ஒவ்வொரு தடவையும் நான் வாசலில் போய் நின்றேன்.

ஒரு மாதம் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை.

"என்ன ஊருக்கு அனுப்பிடுங்க" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி. வெள்ளிக்கிழம கப்பல் வருது. பேர் குடுத்துடறேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அதுவும் வலித்தது.

புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். டம்ளர் அடித்தது. காற்று என்று நினைத்தேன். அடுத்த நொடி அடுப்பு மேடை என் இடுப்பில் வந்து இடித்தது. நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. கீழேயிருந்து யாரோ சல்லடையைப் பிடித்துச் சலிக்கிற மாதிரி... எவ்வளவு நேரம் என்று தெரியாது. நின்றபோது கேஸை மட்டும் அணைத்தேன். அது எப்படி ஞாபகம் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

பிறகு சைரன். ஒன்று. இரண்டு. மூன்று.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாரும் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் கீழே ஓடினேன். அவர் ஜெட்டியில் இருக்கிறார். தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறார். என் தலைக்குள் வேறு எதுவுமே இல்லை.

நாற்பது ஐம்பது படி இறங்கியிருப்பேன். வளைவில் பர்வீன் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கேன்டீனுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தவள். ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"கால் வரல கா" என்றாள். "எழுந்துக்கவே முடியல."

அந்த வளைவிலிருந்து கடல் தெரியும். நான் பார்த்தேன். தண்ணீர் பின்னால் போயிருந்தது. வழக்கமாக மூழ்கியிருக்கும் பாறையெல்லாம் கறுப்பாக, ஈரமாக, வெளியே தெரிந்தன. அங்கே பாறை இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

"நீ போ கா. உன் வூட்டுக்காரரப் பாரு" என்றாள் பர்வீன்.

ஜெட்டிக்கு இன்னும் நூறு படி இருக்கும். நான் நின்றேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம் இருக்கலாம். பிறகு குனிந்து அவள் கையை என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எழுந்துரு. மேல போலாம்."

அதற்குப் பிறகு நடந்ததைச் செய்தவள் எனக்குள் இருந்த மலைக்காரி. படியில் நேராக ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். படியை விட்டுச் சரிவில் சாய்த்துச் சாய்த்து ஏற்றினேன். விறகுக் கட்டோடு ஏறுவது மாதிரி, பத்து அடி வலப்பக்கம், பத்து அடி இடப்பக்கம். வாயை மூடி மூக்கால் மூச்சு விடச் சொன்னேன். கீழே பார்க்காதே என்றேன். நானும் பார்க்கவில்லை. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய அலை மாதிரி இல்லை. லாரியில் ஜல்லி கொட்டுவது மாதிரி, நிற்காமல்.

"இன்னா கா சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. நட."

முக்கால் மணி நேரம் கழித்துத் தொட்டியடிக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே, தொட்டியின் சுவரில் சாய்ந்து, என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு முன்னாலேயே.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டடி வைத்தார்... பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. வீட்டு வழியாக வந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பார். வரவில்லை. நானும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அதற்கான காரணம் அவருக்குத் தெரியாது.

தண்ணீர் ஜெட்டி மேடைக்கு மேலே முழங்கால் அளவு ஏறியது. எண்ணெய் பீப்பாய்கள் போயின, ஒரு சின்னப் படகு போனது. ஓர் உயிரும் போகவில்லை. சாயங்காலம் இறங்கலாம் என்றார்கள்.

அடுத்த வாரம் குடும்பப் பெண்கள் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். தன் உயிரைப் பார்க்காமல் கர்ப்பிணியைக் காப்பாற்றியவள் என்று ஆபீசர் மனைவி ஒருவர் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். பர்வீன் அழுதாள். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

ஏழு வருஷமாக வெளியே சொல்லாதது இதுதான். அந்த வளைவில் நின்ற ஒரு நிமிஷத்தில் நான் பர்வீனைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தக் கறுப்புப் பாறைகளைப் பார்த்தபோது என் உடம்பு முடிவு செய்துவிட்டது – இனி ஒரு படிகூடக் கீழே போகாது என்று. புருஷன் கீழே இருந்தாலும் போகாது. திரும்பி ஓடுவதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பர்வீன் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? இரண்டு நாள் முன்பு போன் செய்தேன். முழுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் கா" என்றாள். "உன் மூஞ்சியப் பாத்தேனே."

"அப்புறம் இன்னாத்துக்கு ஏழு வருஷமா எல்லார்கிட்டயும் நான்தான் காப்பாத்துனேன்னு சொல்லிக்கினு இருக்க?"

"நீதான காப்பாத்துன?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் மட்டும் இன்னாவாம். போ கான்னு வாய்தான் சொல்லுச்சு. கை உன் முந்தானையப் புடிச்சிக்கினு இருந்துச்சே, நீ பாக்கல?"

நான் பார்க்கவில்லை. ஏழு வருஷத்தில் எனக்கு அது தெரியவே தெரியாது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நடந்தது இன்னும் மிச்சம் இருக்கிறது.

வீட்டுக்கு இறங்கி வந்தோம். தரையெல்லாம் புளித்தண்ணீர் காய்ந்து பிசுபிசுத்தது. கரண்ட் இல்லை. வெளிச்சம் போவதற்குள் துடைத்துவிடலாம் என்று நான் துணியை எடுத்தேன். அவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் துடைத்தோம்.

"நான் வூட்டு வழியா வரல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்."

"குறுக்குப் பாதைலதான் ஏறணும்னு ஆர்டர். யாரும் என்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா நான் ஆர்டர நெனச்சிக்கினு ஓடல சாந்தி. பயந்துதான் ஓடுனேன். பாதி தூரம் ஏறுன அப்புறம்தான் நீ வூட்ல இருப்பன்றதே ஞாபகம் வந்துச்சு. அப்பவும் எறங்கல."

பதினெட்டு வருஷம் யூனிஃபார்ம் போட்ட மனிதர். அவருடைய துணி ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"நானும் உங்களத் தேடித்தான் கீழ வந்தேன்" என்றேன். அவர் நிமிர்ந்தார். "வளைவு வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல வரல. பர்வீனுக்காக இல்ல."

அவர் நீண்ட நேரம் என்னைப் பார்த்தார். கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவரும் என் முகத்தில் அதையேதான் தேடிக்கொண்டிருந்தார்.

"தெனமும் ஜெட்டிக்குப் போறப்ப எனக்கும் பயம்தான்" என்றார். "உன்கிட்ட சொன்னா நீ இன்னும் பயப்படுவன்னு சொல்லல. எனக்கு நீச்சல்கூட சரியா வராது."

புதூர்நாட்டுக்காரருக்கு எங்கேயிருந்து நீச்சல் வரும்? எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தீவுக்குப் போய் முதல் சிரிப்பு. அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

"வெள்ளிக்கிழம கப்பல்ல போறியா?"

"போகல."

பயம் போய்விட்டதா? இல்லை. ஒரு பொட்டும் போகவில்லை. ஒரு மாதமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம். அது மட்டும்தான் அன்றோடு முடிந்தது.

அவர் துணியைப் பிழிந்து வைத்துவிட்டுச் சொன்னார். "ஆனா ஒண்ணு. இனிமே சைரன் அடிச்சா நீ என்னத் தேடி வராத. நானும் உன்னத் தேடி வர மாட்டேன். எங்க இருந்தாலும் ரெண்டு பேரும் நேரா மேல ஏறணும். நீ ஏறிட்டு இருப்பன்னு நான் நம்புவேன். நான் ஏறிட்டு இருப்பேன்னு நீ நம்பு. தொட்டி கிட்ட பாத்துக்கலாம்."

"சரிங்க" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தத் தீவில் இருந்தோம். ஐந்து முறை சைரன் அடித்தது. ஐந்து முறையும் நான் அவரைத் தேடவில்லை, அவர் என்னைத் தேடவில்லை.

கல்யாணத்தன்று ஊர் முன்னால் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கில் பாதியை நாங்கள் மறந்தே போனோம்... ஈரத் தரையில் உட்கார்ந்து கொடுத்த இந்த ஒன்றை மட்டும் ஒருமுறைகூட மீறியதில்லை.