ரத்து செய்த பிறகும் ஓடிய டைமர்

எண்பதுகளின் பிற்பகுதியில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் புரோகிராமராக இருந்தேன். துறைமுகக் கிடங்கிலிருந்த டெர்மினல்களைத் தொலைபேசி லைன் வழியாக எங்கள் கணினியோடு இணைப்பது என் பொறுப்பு. அதற்கு நான் எழுதிய நிரல் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்திலேயே ஓடியது. அங்கே ஒரு தப்பு நடந்தால் கணினி மொத்தமும் படுத்துவிடும்.

அதை ஓடவிட்ட மூன்றாவது வாரம் கணினி படுக்க ஆரம்பித்தது. தினமும் இல்லை, சில நாள் மட்டும். ஆனால் எப்போது படுத்தாலும், கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய கையோடுதான்.

அவர் காத்தோங்கிலிருந்து வருபவர். என் வயதுதான். அதிகம் பேசமாட்டார். நான் கணினி அறைக்குள் போனால் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிடுவார். என் வேலைக்கு அவரும் மனுப் போட்டிருந்தாராம். சந்தேகப்பட இது போதாதா எனக்கு? ஒருநாள் அந்த அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மதிய இடைவேளைக்காகக் கிடங்கு லைன்களை ஒவ்வொன்றாக மூடினார், குடையை எடுத்தார், போனார். திரை உறைந்து நின்றது.

அவர்தான் ஏதோ செய்கிறார் என்று நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே ஆபரேட்டரிடமிருந்து அறைச் சாவியை வாங்கிவிட்டார்கள்.

அன்று மதியம் அவர் என் மேசைக்கு வந்து நோட்டை விரித்து வைத்தார்.

“எங்கிட்டயே கேட்டிருக்கலாம் லா. நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேன்.”

கணினி படுத்த ஒவ்வொரு தடவையும் என்ன நேரம், கடைசியாக எந்த லைனை மூடினார், எல்லாம் எழுதியிருந்தார். ஓரத்தில் ‘மழை’, ‘மழை’ என்று இருந்தது.

“மழ பேஞ்சா லைன் ஸ்லோ ஆயிடும். அப்ப நான் குளோஸ் பண்ணாத்தான் விழுது. வெயில் நாள்ல ஒண்ணும் ஆகல. நீங்க உள்ள என்ன வச்சிருக்கீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே ஒரு டைமர் வைத்திருந்தேன். கிடங்கிலிருந்து இரண்டு விநாடிக்குள் பதில் வராவிட்டால் செய்தியை மறுபடி அனுப்பும். லைனை மூடும்போது டைமரை ரத்து செய்துவிட்டு, அதன் நினைவகத்தை விடுவித்துவிடுவேன். மழை நாளில் பதில் தாமதமாகும். டைமர் அடிக்கடி ஓடும். ஓடக் கிளம்பிவிட்ட டைமர் காத்திருக்கும் டைமர்களின் வரிசையில் இருக்காது. என் ரத்துக் கட்டளை அங்கே தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று பேசாமல் திரும்பிவிடும். நானும் நினைவகத்தை விட்டுவிடுவேன். பாதி ஓட்டத்தில் இருந்த டைமர் அப்புறம் வந்து, வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்ட அந்த இடத்தில் எழுதும்.

இரண்டு நாளில் திருத்தினேன். முதலில் டைமர் தன்னைத்தானே மறுபடி முடுக்கிக்கொள்ளாமல் தடுத்தேன். ஓடிக்கொண்டிருந்தால், முடியும்வரை காத்திருந்த பிறகே நினைவகத்தை விட்டேன். அடுத்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. கணினி அசையவில்லை.

தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். “இப்போது ஓடுகிறதல்லவா?” என்று சாவியை என்னிடமே நீட்டினார். அதை எடுத்துக்கொண்டுபோய் ஆபரேட்டரிடம் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன்.

“வாயால சொன்னா போதாது. எழுதிக் குடுங்க.”

தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போடச் சொன்னார். போட்டேன்.