கருடக்கொடியைத் தோண்டிய நாள்

எழுபதுகளில் எங்கள் நிலக்கடலைக் காடு வாளையார் சாலையை ஒட்டி இருந்தது. அதன் வேலியில் ஒரு கருடக்கொடி படர்ந்திருந்தது. பாம்புக்கடிக்கு அதன் வேர்தான் மருந்து என்பது ஊர் நம்பிக்கை. அந்த வேரைத் தின்றும் செத்தவர்களை ஊர் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் கொடியைத் தேடி ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார்; மலையாளத்துக்காரர், மாஷ் என்றுதான் கூப்பிடுவோம். கறுப்பும் மஞ்சளுமாகக் குருவி அளவு வண்ணத்துப்பூச்சி ஒன்று எங்கள் மலையடிவாரத்தில் அற்றுப்போய்விட்டதாம். இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். அது என் வாயில் நுழையவில்லை. வளர்ப்பதற்குப் பேர் எதற்கு? அதன் புழு இந்தக் கொடியைத்தான் தின்னுமாம். இடுக்கி மலையிலிருந்து முட்டை கொண்டுவருகிறேன், கூலி கிடையாது, வளர்த்துத் தர முடியுமா என்றார். கூலிக்குக் கை நீட்டுகிற குடும்பமா நாங்கள்? கொண்டுவாருங்கள் என்றேன்.

முட்டைகள் பொரிந்து புழுக்கள் வந்தன. கருஞ்சிவப்பு, உடம்பெல்லாம் சதைமுள். குருவி கொத்தாமல் இருக்கக் கொடியைச் சுற்றிப் பழைய கொசுவலையைக் கட்டினேன். கொழுந்தனாருக்கு ஒரே சிரிப்பு. அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள்.

"ஏனுங்க நங்கையா, கடலையில புழு உளுந்தா மருந்தடிக்கறோம். நீங்க புழுவுக்குக் கொசுவலை கட்டறீங்க. தொட்டில் எப்பங்க?"

"நீங்க படுத்த தொட்டில் பரண்ல சும்மாதான கெடக்குது. எறக்கித் தாங்க."

சில புழுக்கள் கூடாகித் தொங்கின. மற்றவை இன்னும் தின்றுகொண்டிருந்தன. அப்போதுதான், கடலை பிடுங்கும்போது, கொழுந்தனாரின் கையில் பாம்பு கொத்தியது. ஆட்கள் கடப்பாரையோடு வேலிக்கு ஓடி வந்தார்கள். நான் கொடிக்குக் குறுக்கே நின்றேன்.

"நகரு புள்ள, வேரு வேணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேரு எதுக்குங்க? ரோட்டுல லாரி போகுது, பாலக்காட்டு ஆசுபத்திரியில ஊசி இருக்குது. மொதல்ல ஆளைத் தூக்குங்க."

கொழுந்தனார் மனைவி மாரில் அடித்துக்கொண்டாள். "புழுவுக்குத் தழை கொறையும்னு எம் புருசனைக் கொல்லப் பாக்கறீங்களாக்கா?"

புழுவையும் பார்த்தேன், ஆளையும் பார்த்தேன். இரண்டையும் பார்க்கத்தானே இரண்டு கண்? அதை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தால் விஷம் காத்திருக்காது. சாலைக்கு ஓடி ஒரு சிமெண்ட் லாரியை மறித்தேன். திரும்பி வருவதற்குள் கொடியை அடியோடு பெயர்த்துவிட்டார்கள். வேரில் ஒரு துண்டைக் கையில் கட்டி, இன்னொரு துண்டை வாயில் திணித்து, அந்தக் கோலத்தோடு அவரை லாரியில் ஏற்றினார்கள்.

மண்ணில் கிடந்த புழுக்களை முறத்தில் பொறுக்கினேன். கூடு தொங்கிய குச்சிகளை ஒடித்து எடுத்துக்கொண்டேன். அதன்பின் தினமும் மலையடிவாரம் போய்க் கருடக்கொடித் தழை அறுத்து, நானே தலையில் சுமந்து வந்தேன். வழியில் களை எடுக்கும் பெண்களுக்குப் பொழுது போயிற்று.

"ஏனுங்கக்கா, பூச்சிக்குப் பந்தியா? எங்களுக்கு எலை உண்டுங்களா?"

"உங்களுக்கு இந்த எலை செரிக்காது, போங்க."

பாதிப் புழுக்கள் செத்தன. மீதி கூடாயின. அந்தக் கூட்டைத் தொட்டால் உள்ளேயிருந்து புஸ்ஸென்று சீறும். எங்கள் வீட்டில் எனக்காகக் குரல் கொடுத்தது அது ஒன்றுதான்.

கொழுந்தனார் பிழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டிருந்தார்கள். ஆனாலும் வேர்தான் காப்பாற்றியது என்றது ஊர். வேர் வேலை செய்ததாம், ஊசி வேடிக்கை பார்த்ததாம். அவரும் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நீங்க கொடியை மறிக்காம இருந்திருந்தா லாரியே வேண்டியிருக்காதுங்க நங்கையா."

பூச்சிகள் வெளிவந்து இறகு காய்ந்ததும் கூடையில் வைத்துத் துணி கட்டி, மாஷோடு மலையடிவாரம் போனேன். ஊராரையும் கூப்பிடலாமே என்றார் அவர்.

"வேண்டாங்க மாஷே. வேரு கட்டுனதாலதான் பறக்குதும்பாங்க."

துணியை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாக மரத்துக்கு மேலே ஏறிப் போயின. எனக்குப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது.