மூட்டையின் எடை

என் கணவர் பதினெட்டு வருஷமாகத் துப்பறியும் நாவல் எழுதுகிறார். ஆனால் மற்றவர்களின் நாவல் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். பிரேதப் பரிசோதனைப் புத்தகங்களைத்தான் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பார்.

போன வாரம் திடீரென்று என் எடையைக் கேட்டார். ஐம்பத்தெட்டு கிலோ என்றேன். மறுநாள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பழைய செய்தித்தாள் அடைத்த மூட்டையை மேலிருந்து தள்ளிவிட்டு, எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க கூத்து இது?"

"சண்டைக் காட்சிம்மா. நம்புற மாதிரி இருக்க வேணாமா?"

அவர் குளிக்கப் போனதும் மூட்டையை நிறுத்துப் பார்த்தேன். சரியாக ஐம்பத்தெட்டு. மேஜைமேல் கிடந்த கதையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். மனைவி படியில் உருண்டு செத்திருந்தாள். புருஷன்மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.